ஞாயிறு நாலு மணி யாருக்கு?

பின்ன, எழுத, சும்மா உட்கார்ந்து யோசிக்க வாரத்தில் இரண்டு மணி நேரம். கேட்பது கொஞ்சம்தான். கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றே கால். மட்டன் குழம்பு வாசம் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. ஹாலில் ஃபேன் ஐந்தில் சுற்றுகிறது; சோபாவில் அவர் குறட்டை. சமையல் மேடையைத் துடைத்துவிட்டு, ஈரக் கையை நைட்டியில் ஒற்றியபடி, பால்கனி ஓரத்து மோடாவில் வந்து உட்காருகிறாள் அவள். பழைய துணிக்கடைப் பையிலிருந்து குரோஷா ஊசியும் கடுகு மஞ்சளில் ஒரு நூலுருண்டையும் பாதி முடிந்த மேஜை விரிப்பும் வெளியே வருகின்றன. வரிசைக்கு அறுபத்துநாலு கண்ணி. இடது ஆள்காட்டி விரலில் நூலைச் சுற்றி, ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, நூலை வாங்கி இழுக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று... உதடு மட்டும் அசைகிறது.

இருபத்தொன்றில், “அம்மா, என் சார்ஜர் எங்க?” முப்பத்தெட்டில் வாசலில் கூரியர். நாற்பத்தாறில் உள்ளறையிலிருந்து மாமியார்: “டிகாக்‌ஷன் போட்டாச்சாம்மா?” எழுந்து போய்விட்டு வந்து பார்த்தால், விட்டது நாற்பத்தாறிலா நாற்பத்தேழிலா என்று தெரியவில்லை. முதலிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள். எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. நூலைப் பிடித்து இழுக்க, வரிசை முழுக்க சர்ரென்று உருவிக்கொண்டு வருகிறது.

இந்தக் காட்சிக்குப் பெயரோ ஊரோ தேவையில்லை. அம்பத்தூரிலும் நடக்கிறது, அவிநாசியிலும் நடக்கிறது. ஊசிக்குப் பதில் கையில் பேனா இருக்கலாம், கலர் பென்சில் இருக்கலாம். 2020 ஊரடங்கில் ஊசியையோ டைரியையோ கையில் எடுத்த பலர், அலுவலகமும் பள்ளியும் பழையபடி திறந்ததும் அதைப் பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள். இப்போது, “வாரத்துல ரெண்டு மணி நேரமாவது எனக்குன்னு வேணும்” என்ற பேச்சு அபார்ட்மென்ட் லிஃப்ட்டிலும் அலுவலக கேன்டீனிலும் அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் உள்ள மற்ற எல்லோரும்.

நேரம் இருக்கிறது, சில்லறையாக

“உனக்கு என்ன, நாள் முழுக்க நேரம்தானே?” என்று இல்லத்தரசிகளிடம் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அவர்களுக்காகவே எடுக்கப்பட்டது போல இருக்கிறது. அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை ஒருவர் என்னென்ன செய்தார் என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்த கணக்கு அது. 2019-ல் முதன்முறையாக நாடு முழுக்க எடுத்தார்கள். 2024-ல் மறுபடி எடுத்தார்கள்.

┌─────────────
பெட்டிச் செய்தி: நாளுக்கு எத்தனை நிமிடம்?
(2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, இந்தியா. அந்தந்த வேலையைச் செய்பவர்களின் சராசரி)

சம்பளமில்லாத வீட்டு வேலை: பெண்கள் 289, ஆண்கள் 88.
குழந்தை, முதியோர் பராமரிப்பு: பெண்கள் 137, ஆண்கள் 75.
ஓய்வு, பொழுதுபோக்கு, ஊடகம், விளையாட்டு: பெண்கள் 164, ஆண்கள் 177.
└─────────────

வீட்டு வேலையில் மட்டும் நாளுக்கு 201 நிமிட வித்தியாசம். வாரத்துக்குப் பெருக்கினால் 23 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அதாவது ஏழு நாள் வாரத்தில் ஏறக்குறைய ஒரு முழு நாள் அதிகமாக, ஒரு தரப்பு மட்டும் அடுப்படியிலும் துணி துவைக்கும் கல்லிலும் நிற்கிறது. இதுவும் வேலை செய்கிற ஆண்களோடு ஒப்பிட்டால்தான். 2019 கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களே 26.1 சதவிகிதம்தான், பெண்கள் 81.2 சதவிகிதம்.

ஆனால், மூன்றாவது வரியைக் கவனியுங்கள். ஓய்வில் வித்தியாசம் வெறும் 13 நிமிடம். அப்படியானால் பெண்களுக்கும் நாளுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் கிடைக்கிறதே, அதில் பின்னலாமே, எழுதலாமே?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த 164 நிமிடம் ஒரே நோட்டாகக் கைக்கு வருவதில்லை, சில்லறையாக வருகிறது. பூண்டு உரித்துக்கொண்டே அரை மணி நேர சீரியல். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் ஐந்து நிமிடம் செல்போன். பிள்ளை டியூஷன் முடித்து வரும்வரை ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி பத்து நிமிடம். இந்தச் சில்லறையில் ரீல்ஸ் பார்க்கலாம். ஒரு கதையின் முதல் பத்தியை எழுத முடியாது. கணக்கு மாறாமல் அறுபத்துநாலு கண்ணி போடவும் முடியாது. நம் வீடுகளில் இல்லாமல் போனது இடையில் யாரும் கூப்பிடாத நேரம்.

டி.வி. கவரும் சிவன் கண்ணும்

பின்னுவது நமக்குப் புதிதல்ல. எழுபது, எண்பதுகளில் வளர்ந்தவர்களைக் கேட்டால் பட்டியல் போடுவார்கள்: டி.வி.க்கு குரோஷா கவர், டெலிபோனுக்கு ஒன்று, ஃபிரிட்ஜ் மேலே ஒன்று. கூடவே ஒயர் கூடை. தெரு முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து, சிவன் கண்ணா, நெல்லிக்காய் முடிச்சா என்று விவாதித்துப் பின்னிய கூடைகள் பள்ளிக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் போயின. அந்தக் காலத்திலும் வேலை குறைவாக இருந்துவிடவில்லை. திண்ணை இருந்தது, மதியச் சாப்பாட்டுக்கும் மாலை விளக்குக்கும் இடையே, பெண்கள் சேர்ந்து உட்காருவதைக் கேள்வி கேட்காத ஒரு வழக்கம் இருந்தது. திண்ணை கார் நிறுத்தும் இடமானபோது அந்த நேரமும் போய்விட்டது.

இன்னும் பின்னால் போனால் நாகர்கோவில். 1819-ல் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் கணவரோடு அங்கே வந்த மார்த்தா மால்ட், தன் பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது. பின்னல் கற்ற சிறுமிகளில் அடிமைகளின் மகள்களும் உண்டு. லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை எஜமானர்களிடமிருந்து விலைக்கு வாங்கியவர்கள் அவர்களில் இருந்தார்கள். மால்ட்டின் மகள் எலிசா, 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது ஊசியும் கூடவே போனது. இடையன்குடி லேஸ் அப்படி வந்ததுதான்.

ஊசி எல்லா ஊரிலும் விடுதலை தரவில்லை.

‘சும்மா இருக்கிற நேரத்துல...’

ஆந்திராவின் கோதாவரிக் கரையில் இருக்கிறது நரசாபூர். அங்கேயும் 1844-ல் ஸ்காட்லாந்து மிஷனரித் தம்பதிதான் குரோஷா லேஸைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் அது ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்து, வெளிநாட்டு வீடுகளின் மேஜைகளுக்கும் தலையணைகளுக்கும் போனது. ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அந்த ஊர்களில் தங்கி ஆராய்ந்து, 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாள் முழுக்கக் குனிந்து பின்னும் அந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்று கணக்கில் சேர்க்கவில்லை என்பதுதான் அவர் கண்டது. ‘வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள்’ என்று எழுதிவிட்டால் கூலியை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் அல்லவா? ‘ஓய்வு’ என்ற பெயரிலேயே உழைப்பைச் சுருட்டிக்கொண்டார்கள். நரசாபூர் லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பின்னும் கைகளுக்கு அதில் என்ன கூடுதலாக வரும் என்பதுதான் இனி கேட்க வேண்டிய கேள்வி.

நரசாபூரைப் பக்கத்து மாநிலக் கதை என்று தள்ளிவிட முடியாது. நம் ஹாலிலேயே அது நடக்கிறது. ஒரு பெண் இரண்டு வாரம் ஆசையாக உட்கார்ந்து ஒரு குழந்தை ஸ்வெட்டர் முடிக்கிறாள். பார்க்கிற முதல் ஆள், “அழகா இருக்கே, எவ்வளவுக்குக் குடுப்பீங்க?” என்கிறார். இரண்டாவது ஆள், “இன்ஸ்டாவுல பேஜ் ஆரம்பிச்சிடேன்” என்கிறார். மூன்றாவது ஆள் உறவுக்காரர். “எங்க பேரனுக்கும் ஒண்ணு போட்டுடும்மா” என்று உரிமையோடு சொல்லிவிட்டுப் போகிறார். நேற்றுவரை மனசுக்குப் பிடித்ததைச் செய்த கை, இன்று ஆர்டருக்கு ஓடுகிறது.

சம்பாதிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழகிய கைக்கே ஒரு குழந்தை ஸ்வெட்டர் பத்து மணி நேரத்தைத் தாண்டும். 500 ரூபாய்க்கு விற்றால், நூல் விலை போக மணிக்கு என்ன மிஞ்சும்? சித்தாள் வேலைக்குப் போகிறவர்கூட அந்தக் கூலிக்கு வரமாட்டார். விற்பது என்றால் உழைப்புக்கு உரிய விலையைக் கேட்டு விற்க வேண்டும். இல்லையென்றால் அந்த இரண்டு மணி நேரத்தை விற்காமல் வைத்துக்கொள்வதே லாபம். பாதி விலைக்கு விற்றுப் பொழுதுபோக்கையும் இழந்து, கூலியும் இல்லாமல் நிற்பதுதான் நம் ஊரில் பலருக்கும் நடக்கிறது.

┌─────────────
பெட்டிச் செய்தி: குரோஷாவா, நிட்டிங்கா?

நிட்டிங்குக்கு இரண்டு கம்பி. வரிசை முழுக்க எல்லாக் கண்ணியும் கம்பியிலேயே இருக்கும். கம்பி நழுவினால் கண்ணிகள் கீழ்வரிசைவரை பிரிந்துகொண்டு போகும். குரோஷாவுக்கு ஒரே கொக்கி ஊசி. ஒரு நேரத்தில் பிரியக்கூடியது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். யாராவது கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற வீடுகளில் குரோஷா பிழைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நிட்டிங்கை இயந்திரம் 1589-லேயே கற்றுக்கொண்டுவிட்டது. இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டத்தைக் கண்டுபிடித்த ஆண்டு அது. அதன் வாரிசுகள்தான் இன்று திருப்பூரில் ஓடுகின்றன. உண்மையான குரோஷா இன்னமும் கையால்தான். கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷா சட்டைக்குப் பின்னால் எங்கோ ஒருவரின் விரல்கள் இருக்கின்றன.

ஓர் ஊசியும் இரண்டு உருண்டை நூலும் 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். நம் வெயிலுக்குக் கம்பளி நூலைவிடப் பருத்தி நூல் நல்லது, கையும் வியர்க்காது.
└─────────────

கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை

பின்னுவதையாவது நாலு பேர் நடுவில் செய்யலாம். எழுத்துக்கு அது சரிப்படாது. வேலைக்குப் போய்க்கொண்டே எழுதிய ஆண்கள் தமிழில் ஏராளம். வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்தார். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றினார். இருவருக்கும் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. வேலை எழுத்தை நிறுத்திவிடாது என்பதற்கு இவர்களே போதும்.

ஆனால் வீட்டில் அப்பா கதவைச் சாத்திக்கொண்டால், “அப்பா எழுதுறாங்க, சத்தம் போடாதே” என்று குழந்தைகளை அடக்குகிறோம். அம்மா சாத்திக்கொண்டால், “என்னாச்சு, உடம்பு சரியில்லையா?” என்று கதவைத் தட்டுகிறோம்.

திருவல்லிக்கேணியின் வை.மு.கோதைநாயகிக்கு ஐந்தரை வயதில் கல்யாணம் ஆனது, பள்ளிக்கூடம் போகவில்லை. கதை சொல்லத் தெரியும், சரளமாக எழுத வராது. தன் முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். 1925-ல் ‘ஜகன்மோகினி’ இதழை எடுத்து, சுமார் 35 ஆண்டுகள் நடத்தினார். 115 நாவல்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றதும் இதற்கு நடுவில்தான். கணவரின் ஆதரவு இருந்தது என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பட்டம்மாள். ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி உட்கார்ந்து எழுதியிருக்கிறாள் என்றால், இரண்டு பேர் சேர்ந்து ஒரு நேரத்தை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

துவரங்குறிச்சியின் கவிஞர் சல்மாவுக்கு அப்படி ஒரு தோழியும் நேரமும் வாய்க்கவில்லை. பருவம் எய்தியதும் படிப்பு நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு எழுதுவதற்கு எதிர்ப்பு. இரவில் வீடு தூங்கிய பிறகு கழிப்பறைக்குள் நின்றபடி எழுதினார், தாள்களை ஒளித்துவைத்தார், தாயின் உதவியோடு அவை வெளியே போய் அச்சேறின. 2000-ல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ கவிதைத் தொகுப்பு, 2004-ல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல். அவர் பேரூராட்சித் தலைவரானார். 2025-ல் மாநிலங்களவை உறுப்பினரானார். இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. தாழ்ப்பாள் போட்டால் யாரும் கேள்வி கேட்காத ஒரே அறை கழிப்பறை என்று ஒரு பெண் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அப்படிக் கண்டுபிடிக்க முடியாமல் எத்தனை நோட்டுகள் அடுப்புக்குப் போயிருக்கும்?

ரீல்ஸ் பார்ப்பது வேறு

கற்பனைக்குத் தீனி வேண்டும் என்பது சரி. இன்று அந்தத் தீனி விரல் நுனியில் கொட்டிக்கிடக்கிறது. குரோஷா வீடியோ நூறு சேமித்துவைத்திருக்கிறோம். எழுதுவது எப்படி என்று எழுத்தாளர்கள் பேசுவதை மணிக்கணக்கில் கேட்கிறோம். ஒரு வரிசை பின்னவில்லை. ஒரு பக்கம் எழுதவில்லை. பார்த்த களைப்பே செய்த திருப்தியைத் தந்துவிடுகிறது என்பதுதான் இதில் ஆபத்து.

அமெரிக்க எழுத்தாளர் ஜூலியா கேமரூன் 1992-ல் எழுதிய ‘தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே’ நூலில் இரண்டு பழக்கங்களைச் சொன்னார். ஒன்று, காலையில் எழுந்ததும் மூன்று பக்கம் கையால் எழுதுவது. இன்னொன்று, வாரத்துக்கு ஒருமுறை தனியாக, துணைக்கு யாரும் இல்லாமல், மனசுக்குப் பிடித்த ஓர் இடத்துக்குப் போய்வருவது. முதல் பழக்கம் நம் வீடுகளில் நடக்காது. காலை ஆறு மணி என்றால் இட்லிப் பானை நினைவுக்கு வருகிற வீட்டில் மூன்று பக்கம் யார் எழுதுவது? இரண்டாவது நடக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்தில் ஒரு மணி நேரம். மதுரை புதுமண்டபத்துத் தூண்களைச் சுற்றி ஒரு நடை. ஊரில் ஏரிக்கரை இருந்தால் அதுவும் போதும். தனியாகப் போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை; அதுதான் கஷ்டமும். தனியாகப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஊர் இன்னமும் இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறது.

அதனால்தான் குழுக்கள் உதவுகின்றன. பெங்களூரு கப்பன் பூங்காவில் சனிக்கிழமைதோறும் பாய் விரித்து, பேசாமல், அவரவர் புத்தகத்தைப் படிக்கிற கூட்டம் பல ஊர்களுக்கும் பரவியிருக்கிறது. உறுப்பினர் படிவம் கிடையாது, பேச்சாளர் கிடையாது, குத்துவிளக்கு கிடையாது. நம் விழாக்கள் இதிலிருந்து கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். சென்னையில் வார இறுதி ஓவியர் குழு ஞாயிறு காலையில் ஏதாவது ஒரு தெருமுனையிலோ ரயில் நிலையத்திலோ உட்கார்ந்து வரைகிறது. பின்னலில் சென்னையில் ஒன்றுகூடிய பெண்கள் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள்: சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழு, 2016 ஜனவரி 31-ல் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்து கின்னஸ் சாதனை செய்தது. ஏறத்தாழ 1,20,000 சதுர அடி. தனித்தனி வீடுகளில், தனித்தனி மதியங்களில் பின்னப்பட்ட துண்டுகள் ஒன்றுசேர்ந்த பரப்பு அது. தனியாக உட்கார்ந்தால் ‘சும்மா இருக்கா’ என்கிற அதே வீடு, குழு என்றதும் ‘கிளாஸுக்குப் போறா’ என்று வழிவிடுகிறது. இந்தச் சூட்சுமத்தைப் பெண்கள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள்.

மனசுக்கு மருந்தா?

ஆமாம் என்று சொல்ல ஆசைதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்வோம். 2013-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், உலகெங்கும் நிட்டிங் செய்யும் 3,545 பேர் பதில் சொன்னார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் மன அமைதியும் மகிழ்ச்சியும் கூடுதலாக உணர்வதாகச் சொன்னார்கள். பின்னப் பிடித்தவர்களிடமே கேட்ட கேள்வி என்பதை மறந்துவிடக் கூடாது. பிடிக்காதவர் ஏற்கெனவே கம்பியைத் தூக்கிப் போட்டிருப்பார்.

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழு 2016-ல் வெளியிட்டது கொஞ்சம் வேறு மாதிரி. 39 பேரை 45 நிமிடம் வரையவும் களிமண் பிசையவும் வெட்டி ஒட்டவும் விட்டு, மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் அளவை உமிழ்நீரில் சோதித்தார்கள். நாலில் மூன்று பேருக்கு அளவு குறைந்திருந்தது. முன்பே கலைப் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்று பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ‘எனக்குக் கை வராது’ என்று ஒதுங்குகிறவர்கள் இதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளலாம்.

எழுத்தைப் பற்றி 1986-லேயே அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் ஒரு சோதனையை வெளியிட்டார். மனதை அழுத்திய சம்பவத்தைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் மாணவர்களை எழுதவைத்தார். எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் இன்னும் பாரமானது. ஆனால் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. தீராத மனச்சோர்வில் இருப்பவருக்கு டைரியை நீட்டி, ‘எழுது, சரியாகிடும்’ என்று சொல்ல இது ஆதாரம் ஆகாது. அவருக்கு மருத்துவர்தான் வேண்டும்.

இரண்டு மணி நேரம் வந்தால் வீட்டில் என்ன ஆகும்?

முதலில் ஒன்றும் ஆகாது. யாரும் நம்ப மாட்டார்கள். ‘நாலிலிருந்து ஆறுவரை என்னைக் கூப்பிடாதீங்க’ என்று சொன்னால் சிரிப்பார்கள். முதல் ஞாயிறு எட்டுத் தடவை கூப்பிடுவார்கள். அடுத்து, வீட்டின் ரகசியங்கள் வெளியே வரும். பெருங்காயம் எந்த டப்பாவில் இருக்கிறது, பால் எத்தனை மணிக்குக் காய்ச்ச வேண்டும், பாட்டியின் சர்க்கரை மாத்திரை எது என்பதெல்லாம் ஒரே ஒரு தலையில்தான் இருந்தன என்பது தெரியவரும். இது நல்லது. சார்ஜரைத் தானே தேடியெடுக்கும் பிள்ளை, நாளைக்கு விடுதியில் தன் துணியையும் தானே துவைத்துக்கொள்ளும்.

கஷ்டமான கட்டம் அதற்கப்புறம்தான். வீடு பழகிவிடும், அவளுக்குப் பழகாது. அடுக்களையில் பாத்திரம் உருண்டால் கால் தானாக எழும். கணவர் போட்ட காபி கசப்பாக இருந்தால், “இதுக்கு நானே போட்டிருப்பேன்” என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொல்லக் கூடாது. கசப்புக் காபியைக் குடித்துவிட வேண்டும். நாலைந்து ஞாயிறில் பால் கூடும், சர்க்கரை சரியாகும். மாமியாரைப் பகையாளியாகவே பார்க்கவும் வேண்டாம். சிவன் கண் கூடை போட்ட தலைமுறை அது. ஊசியை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் விட்ட கண்ணியை மூக்குக் கண்ணாடி இல்லாமலே கண்டுபிடிப்பார்.

ஆண்களுக்கும் இது பொருந்தும். ஓய்வுபெற்ற பிறகு பேப்பரை மூன்று முறை படித்துவிட்டு, ஃபேனைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள் எத்தனை பேர்? டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டைவிங் வீரர் டாம் டேலி, 2021-ல் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்ததை உலகமே பார்த்தது. பதக்கத்துக்கு உறைகூடப் பின்னிக்கொண்டார். காங்கிரஸ் உறுப்பினர்கள் மாதம் 2,000 கஜம் நூல் தர வேண்டும் என்று 1924-ல் விதி கொண்டுவந்தவர் காந்தி. அன்றைக்கு வக்கீல்களும் ராட்டை முன்னால் உட்கார்ந்தார்கள். கையில் நூல் இருந்தால் மீசை உதிர்ந்துவிடாது.

ஞாயிறே இல்லாதவர்கள்

இவ்வளவும் பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாக இராது. இது பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தின் ஏக்கம். ஊருக்கெல்லாம் பின்னலாடை தரும் திருப்பூரில், ஆறு நாள் ஷிஃப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு ஞாயிறு என்பது துணி துவைக்க, தண்ணீர் பிடிக்க, வாரச் சந்தைக்குப் போக. நாள் முழுக்க இயந்திரத்தின் முன் நின்ற கைகளிடம் ‘மாலையில் ஒரு பொழுதுபோக்கு’ என்று சொல்வது அபத்தம்.

ஆனால் ஞாயிறு விடுமுறையே தொழிலாளிகள் போராடி வாங்கியது என்பதை நினைவுபடுத்தத் தோன்றுகிறது. 1890-ல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் வார விடுமுறை கேட்டார்கள். சுமார் 10,000 பேர் கூடிய கூட்டத்தில் பெண் தொழிலாளர்கள் இரண்டு பேரும் பேசினார்கள். அந்த ஜூன் மாதம் முதலாளிகள் இறங்கிவந்தார்கள். 1948 தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை உறுதி செய்தது. ஆலைக்குள் நுழைந்த அந்தச் சட்டம் அடுக்களைக்குள் நுழையவில்லை. அங்கே அமல்படுத்தும் இன்ஸ்பெக்டர் வீட்டில் இருக்கிறவர்கள்தான்.

ஆகவே சில கோரிக்கைகள். பள்ளிகளுக்கு: வாரத்துக்கு ஒரு தையல் வகுப்பும் ஓவிய வகுப்பும் கால அட்டவணையில் இருக்கின்றன; முழுத்தேர்வு நெருங்குகிறது என்று கணக்கு டீச்சரும் அறிவியல் சாரும் அவற்றைக் கடன் வாங்காதீர்கள். அந்தக் கடனை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. குடியிருப்போர் சங்கங்களுக்கு: பிறந்தநாள் விழாவுக்கு வாடகைக்கு விடும் ஹாலை, மாதத்தில் நான்கு மதியங்கள் பூட்டாமல் விடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு: எந்த இரண்டு மணி நேரம் என்பதை இந்தச் சனிக்கிழமை இரவே உட்கார்ந்து பேசி, பால் கணக்கு எழுதும் காலண்டரில் குறித்துவிடுங்கள். அந்த நேரத்துக் காபி யார் பொறுப்பு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கடைசியாக, பொது நூலகத் துறைக்கு. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று பெரிய கட்டடங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஊர் ஊராகக் கிளை நூலகங்கள் இருக்கின்றன. அவற்றில் வாசகர் வட்டங்களும் இருக்கின்றன. ஞாயிறு மாலை ஒரு மேஜையும் பத்து நாற்காலியும் பெண்களுக்கென்று ஒதுக்கி, பின்னலாம், எழுதலாம், வரையலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று வாசலில் ஒரு போர்டு வைத்தால் போதும். புதுக் கட்டடம் வேண்டாம், தனி நிதி வேண்டாம். உங்கள் ஊர் வாசகர் வட்டம் இதற்கு ஒரு மனு எழுதி, மாவட்ட நூலக அலுவலரிடம் கொடுக்கலாம். கையெழுத்துப் போட நீங்கள் தயாரா?